மாமாவுக்கு பிஸ்டல் லைசென்ஸ் பாஸ் ஆயிருச்சு: வெல கூடுன 1911 வாங்கறதா, சாதா கிளாக் போதுமா?

ரேம்ப்பையன் (சுங்கை சிப்புட்):

வணக்கம் அண்ணன்மாருங்க அக்காமாருங்க எல்லாருக்கும். ஒரு விசயம் கேக்கணும், கிண்டல் பண்ணாம பதில் சொல்லுங்க. எங்க மாமா டவுனுக்கு வெளிய செம்பனை ரேம்ப், அதாவது செம்பனைக் குலை வாங்கற எடம், வச்சிருக்காரு. அஞ்சு ஏக்கர் பத்து ஏக்கர் வச்சிருக்கறவங்க குலைய லோரியில ஏத்திட்டு வந்து எடை போட்டு அங்கயே காசு வாங்கிட்டுப் போவாங்க, பேங்க்ல போட்டு வுடறேன்னு சொன்னா பாதிப் பேருக்கு மூஞ்சி சுருங்கிரும், நோட்டா கையில வேணும், அதனால மாமா வாராவாரம் ரொக்கமா எடுத்து பைல போட்டு தனியா பிக்அப் ஓட்டிட்டு வர்றாரு. ரேம்ப் ரோட்டுல ரெண்டு பக்கமும் செம்பனைதான், பொழுது சாஞ்சா ஈ காக்கா இருக்காது. பக்கத்து ரேம்ப் தவுக்கேவ, அதாவது முதலாளிய, ரெண்டு பேரு பாராங் கத்தியோட மறிச்சு பைய புடுங்கிட்டுப் போனப்புறம்தான் இவரு போலீஸ் லைசென்ஸுக்கு அலைய ஆரம்பிச்சாரு. ஃபாரம், கம்பெனி கணக்கு, இன்டர்வியூன்னு ரொம்ப நாள் இழுத்து இப்ப ஒரு வழியா கெடச்சிருச்சு.

பிரச்சினை இனிமேதான். ஈப்போ கடைக்காரரு ரெண்டு காட்டுனாரு. ஒன்னு கிளாக் 19, குண்டு 9 எம்எம் அளவு. இன்னொன்னு 1911 டைப், குண்டு .45 அளவு, கையால இழைச்சு இழைச்சு பொருத்துனதாம், நீலம் ஏத்துன இரும்பு, மரக் கைப்பிடி, பாக்க அம்சமாத்தான் இருக்கு. வெலைய சொன்னா அந்த காசுக்கு கிளாக் மூணு வாங்கலாம். மாமா அத கையில எடுத்தவரு கீழ வைக்க மனசில்லாம நின்னாரு. "உசுர காப்பாத்தற சாமான்ல கஞ்சத்தனம் பாக்கக் கூடாதுடா"ங்கறாரு. கிளாக்க பாத்து "இது என்னடா பிளாஸ்டிக், புள்ளைங்க வெளையாடற சாமான் மாதிரி"ங்கறாரு. அவருக்கு வயசு 61. காட்டுப் பன்னிக்கு சொட்கன் புடிச்ச பழக்கம் உண்டு, பிஸ்டல் தொட்டதே இல்ல. தெனம் இடுப்புல வச்சுக்கப் போறாரு. வெல கூடுனதுல உண்மையிலேயே ஏதாச்சும் கூடுதலா இருக்கா, இல்ல பேருக்கும் பளபளப்புக்கும்தான் காசா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பென்சன்சார்ஜன்:

தம்பி, நான் போலீஸ்ல இருந்து பென்சன் வாங்குனவன், சுருக்கமா சொல்லலாம்னுதான் பாக்கறேன், முடியுதான்னு தெரியல. நான் சேர்ந்தப்ப இடுப்புல ரிவால்வர், அப்புறம் வால்தர் பி99 வந்துச்சு, அதுவும் பிளாஸ்டிக் ஒடம்புதான், யாரும் அத வெளையாட்டு சாமான்னு சொன்னதில்ல. கிளாக்க ஆஸ்திரியா ராணுவம் 1982லயே எடுத்துக்கிட்டாங்க, நாப்பது வருஷம் தாண்டிருச்சு, இன்னும் பிளாஸ்டிக்க பாத்து பயப்படறது ஒங்க மாமா மட்டும்தான்.

மொதல்ல ஒன்னு கேக்கறேன். மாமா ரேம்ப்ல என்ன உடுத்திக்கிட்டு இருப்பாரு? நான் பாத்த ரேம்ப் தவுக்கே முக்காவாசிப் பேரு பனியன், அரைக்கால் சிலுவார், சிலிப்பர். அந்த எலாஸ்டிக் இடுப்புல 1911 தொங்குமா? ரவுண்டு (தோட்டா) போடாமலே 1.1 கிலோ கிட்ட. கிளாக் 19 மேகசின் (தோட்டா அடுக்கற பொட்டி) இல்லாம 600 கிராம் சொச்சம், 15 ரவுண்டு ஏத்துனாலும் 850 கிராம் கிட்டதான் நிக்கும். அதுவுமே அரைக்கால் சிலுவார கீழ எறக்கிரும். தடிமனான பெல்ட், பெல்ட் போடற கால்சட்டை, மேல வெளிய தொங்க வுடற சட்டை, இதுக்கெல்லாம் மாமா ஒத்துக்கறாரான்னு பாரு. ஒத்துக்கலைன்னா எதையும் வாங்காத, ஒரு மாசத்துல அது வண்டி டேஷ்போர்டுக்குள்ள போயிரும், அங்கேர்ந்து காணாம போச்சுன்னா லைசென்ஸ் அவரு பேருல, பதில் சொல்ல வேண்டியதும் அவருதான்.

அடுத்தது வேர்வை. நம்ம ஊரு வெக்கையில நீலம் ஏத்துன இரும்ப ஒடம்போட ஒட்டி வச்சா எண்ணெய் போட்டு தொடைக்காம வுட்ட எடத்துல செவப்பு புள்ளி வந்துரும். தோல் உறை இன்னும் மோசம், வேர்வைய குடிச்சு வச்சிருக்கும். கிளாக் ஸ்லைடு (பின்னால இழுக்கற மேல்பாக இரும்பு) மேல போடற பக்குவம் துருவுக்கு நல்லா தாங்கும். ஆனா அதுல கையால தள்ளற சேஃப்டி இல்ல, அதனால ட்ரிக்கர முழுசா மூடற கெட்டியான உறை இல்லாம இடுப்புல சொருகக் கூடாது, காசுப் பையில சாவி பேனாவோட சேத்துப் போடவே கூடாது. வெல கூடுன துப்பாக்கிக்கு ஒதுக்குன காசுல நல்ல உறையும் பெல்ட்டும் வாங்கச் சொல்லு.

நம்ம சுங்கை சிப்புட்டுக்கு இது புதுசில்ல. 1948 ஜூன்ல எல்ஃபில் எஸ்டேட்லயும் அடுத்த தோட்டத்துலயும் மூணு துரைமாருங்கள சுட்டதுலேர்ந்துதானே மலாயாவுல அவசர காலமே வந்துச்சு. அதுக்கப்புறம் துரைமாருங்க பிஸ்டல் இல்லாம தோட்டத்துக்குள்ள எறங்க மாட்டாங்க, லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தவனுக்கு தூக்கு. அந்த காலத்து துரை மாதிரி இருக்கணும்னு மாமாவுக்கு ஆசையோ என்னமோ.

குலைவெட்டி:

மாமா ரெண்டுத்தையும் பாத்துட்டு கடைசில அந்த காசுக்கு ஒரு ஹைலக்ஸ் டவுன்பேமென்ட் போடுவாரு பாருங்க 😂

சரி சீரியஸா சொல்றேன், செம்பனை வெட்டறவன் வெல பாத்தா அருவா வாங்கறான்? மரத்தோட ஒசரத்த பாத்துதான். சின்ன மரத்துக்கு உளி, ஓங்குன மரத்துக்கு கம்புல கட்டுன அருவா. மாமா கைக்கு எது அடங்குதோ அத வாங்குங்க.

ஹூஸ்டன்குமாரு:

நான் கோலகங்சார் பையன், இப்ப டெக்சஸ்ல வேல. இங்க 2021 செப்டம்பர்லேர்ந்து 21 வயசு ஆன, சட்டத்துல தடை இல்லாத ஆளு லைசென்ஸே இல்லாம கைத்துப்பாக்கிய இடுப்புல வச்சுக்கிட்டு வெளிய போகலாம், அதனால இந்த சாதாவா பிரீமியமாங்கற சண்டை இங்க டீக்கடைப் பேச்சு மாதிரி தெனம் நடக்கும். கிளாக் 19 இங்க 500 லேர்ந்து 600 டாலர் வாக்குல. ஸ்டாக்காட்டோ மாதிரி 1911 வழியில வந்த நவீன பிஸ்டல் 2,000 டாலருக்கு மேல. கைவேலை 1911ன்னா 3,000, 4,000ன்னு போகும்.

காசுக்கு என்ன கெடைக்குதுன்னு நேர்மையா சொல்லணும்னா, கெடைக்குது. 1911 ட்ரிக்கர் நேரா பின்னால கொஞ்ச தூரம்தான் போகும், கண்ணாடி ஒடையற மாதிரி சட்டுனு வுடும், அதுல சுட்டா யாரு சுட்டாலும் குறி கொஞ்சம் நல்லா வுழும். கனம் இருக்கறதால ஒதையும் கம்மியா தெரியும். எங்கிட்டயும் வெல கூடுன ஒன்னு இருக்கு, சனிக்கிழமை ரேஞ்ச்ல அதுதான் என் சந்தோஷம். ஆனா தெனம் இடுப்புல இருக்கறது சாதா பிளாஸ்டிக்தான்.

ஏன்னா இந்த கையால இழைச்ச துப்பாக்கிங்க ரொம்ப இறுக்கமா பொருத்தி வரும். செஞ்சவங்களே மொதல்ல சில நூறு ரவுண்டு சுட்டு பழக்குங்க, அப்புறம் நம்புங்கன்னு சொல்றது உண்டு, சில பேரு 500ன்னே சொல்றாங்க. இங்க அது பெரிய விசயமே இல்ல, கடைக்குப் போயி பொட்டி பொட்டியா வாங்கிட்டு வந்து ஒரு மாசத்துல சுட்டு முடிச்சிரலாம். மலேசியாவுல? லைசென்ஸ்ல என்ன எழுதியிருக்கோ அவ்வளவுதான் வாங்க முடியும், சுடறதுக்கும் அனுமதி உள்ள ரேஞ்ச் தேடிப் போகணும், .45 ரவுண்டு 9 எம்எம்ம விட வெல கூட வேற. பழக்கறதுக்கே ரவுண்டு பத்தாத ஊர்ல பழக்கணும்னு சொல்ற துப்பாக்கிய வாங்கி என்ன பண்றது? அமெரிக்காக்காரன் வீடியோ பாத்து பிரீமியம்தான் பெஸ்டுன்னு முடிவு பண்றவங்க இத யோசிக்கறதே இல்ல, அவன் பேசறது வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுடறவன் கணக்கு.

பேரு பெருசுன்னா கோளாறே வராதுன்னும் இல்ல. சிக் (SIG) துப்பாக்கி கம்பெனி பெரிய பேருதான், 2017ல அவங்க பி320 கீழ வுழுந்தா வெடிக்கலாம்னு பேச்சு வந்து கம்பெனியே தானா ட்ரிக்கர மாத்திக் குடுக்க முன்வந்துச்சு.

இன்னொன்னு முக்கியம். மாமா பயப்படறது பாராங்குக்கு. 1983ல டென்னிஸ் டியூலர்னு சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரரு ஒருத்தரு இத அளந்து பாத்து எழுதுனாரு, கத்தியோட ஓடி வர்ற ஆளு 21 அடிய, அதாவது ஆறு மீட்டர் சொச்சத்த, ஒன்னரை செகண்டுல கடந்துருவான். பழகுன போலீஸ்காரனே உறையிலேர்ந்து எடுத்து சுட அவ்வளவு நேரம் ஆகுது. மாமா பிக்அப்புக்குள்ள சீட்பெல்ட் போட்டு உக்காந்திருக்காரு, சட்டைக்கு அடியில துப்பாக்கி, கண்ணாடிக்கு வெளிய பாராங். இந்த கணக்குல 1911ஆ கிளாக்கான்னு கேக்கறதுக்கு எடமே இல்ல. கியர் போட்டு மிதிக்கறதுதான் அங்க வேல.

ஈப்போஷூட்டர்:

எல்லாரும் ஒரே பக்கம் சாயறீங்க, நான் கொஞ்சம் எதுத்துப் பேசறேன். கிளப்புல நான் புதுசா வர்ற வயசானவங்கள நெறைய பாக்கறேன். 60 தாண்டுனவங்களுக்கு மொத தகராறே ஸ்லைட பின்னால இழுக்கறதுதான், வெரல் மூட்டு வலி இருந்தா இன்னும் கஷ்டம். கிளாக்குக்கு சப்போர்ட் பண்றவங்க யாரும் இத சொல்லல. 1911ல ஹேமர (பின்னால இருக்கற சுத்திய) மொதல்ல கட்டைவெரலால பின்னால சாச்சுட்டு இழுத்தா ஸ்லைடு சுலபமா வரும், கிளாக்ல வெளிய ஹேமரே கெடையாது.

சேஃப்டி விசயமும் அப்படித்தான். கிளாக்ல உள்ளுக்குள்ள மூணு சேஃப்டி இருக்கு, வாஸ்தவம், ஆனா மூணும் ட்ரிக்கர அழுத்துனா வழி வுட்டுரும், அழுத்தறதுக்கு ரெண்டரை கிலோ சொச்சம் போதும். பிஸ்டலே தொடாத மனுஷன் பதட்டத்துல வெரல ட்ரிக்கர்ல வச்சுக்கிட்டு உருவுனா தொடையிலதான் பாயும். அதனால நான் மாமாவ 1911 வாங்கச் சொல்றேன்னு நெனைக்காதீங்க, அத சரியா வச்சுக்கணும்னா ஹேமர் முழுசா சாஞ்சு சேஃப்டி மேல தள்ளி வச்சிருக்கணும், எடுக்கறப்ப மறக்காம கீழ தள்ளணும், அதுக்கு கையில பழக்கம் ஊறணும். பழக்கம் இல்லாதவன் ஆபத்து நேரத்துல சேஃப்டிய எறக்காமலே ட்ரிக்கர அழுத்து அழுத்துன்னு அழுத்துவான்.

நடுவுல ஒரு வகை இருக்கு, அதயும் பிரீமியம்னுதான் விப்பாங்க, ஆனா அந்த 1911 வெல வராது. எச்.கே. பி30 மாதிரி மொத சுடு கனமா இருக்கறது, சுமார் 5 கிலோ அழுத்தணும், அடுத்த சுடுலேர்ந்து இலேசாயிரும். அந்த மொத கனம் புது ஆளுக்கு ஒரு காவல் மாதிரி. ஸ்லைடு இழுக்கவே முடியலைன்னா அஞ்சு ரவுண்டு .38 ரிவால்வர், இழுக்கற வேலையே இல்ல, ஆனா சின்ன ரிவால்வர் ஒதை கையக் கடிக்கும், ட்ரிக்கரும் கனம், குறி வைக்கறது எல்லாத்த விடவும் கஷ்டம். கடைக்காரரு இந்த வகைய கொண்டாந்து தருவாரான்னு கேளுங்க, லைசென்ஸ்ல என்ன வகை எழுதியிருக்குன்னும் பாத்துக்குங்க.

ஹூஸ்டன்குமாரு:

ஷூட்டர் அண்ணே சொன்ன ஸ்லைடு விசயம் நூத்துக்கு நூறு, எனக்கு தோணாம போச்சு. ஆனா கனமான மொத ட்ரிக்கர பத்தி நான் ஒத்துக்க மாட்டேன். மொத சுடு ஒரு கனம் ரெண்டாவது வேற கனம்னா கொஞ்சமா பழகறவன் ரெண்டையும் கத்துக்கணும், மொதல் ரவுண்டு எங்க போவும்னு அவனுக்கே தெரியாது. பிசகுன ரவுண்டு போய் வுழற எடத்துல யாராச்சும் நின்னா? உறை சரியா இருந்து வெரல வெளிய வச்சு பழகுனா இலேசான ட்ரிக்கரால ஒன்னும் ஆகாது.

ஈப்போஷூட்டர்:

வெரல வெளிய வச்சு பழகுனாங்கறதுதான் என் கேள்வியே தம்பி. இந்த மாமா பழகுவாரா?

தைப்பிங்அக்கா:

நான் வக்கீல் ஆபீஸ்ல கிராணி வேல. துப்பாக்கி மாடல் எனக்கு தெரியாது, பேப்பர்தான் தெரியும். தம்பி, மாமாகிட்ட இத வாசிச்சுக் காட்டு.

லைசென்ஸ் அவரு பேருக்கு மட்டும். டிரைவர்கிட்ட "கொஞ்சம் வச்சிருடா, டாய்லெட் போயிட்டு வர்றேன்"னு குடுத்தா அந்த பையன் கையில இருக்கறது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 1971 துப்பாக்கி தண்டனைச் சட்டத்துல லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா 14 வருஷம் வரைக்கும் ஜெயில், ஆறுக்கு கொறையாம ரோத்தான் அடி. மகன் மருமகன் யாருக்கும் வெளையாட்டுக்குக்கூட குடுக்கக் கூடாது. தாய்லாந்து ஹாட்யாய்க்கு பஸ் ஏறுற அன்னிக்கு இடுப்புல இருந்துச்சுன்னா எல்லையில முடிஞ்சிரும் கதை, வெளியூர் போறப்ப எங்க ஒப்படைக்கறதுன்னு ஐபிடி (மாவட்ட போலீஸ் தலைமையகம்) லைசென்ஸ் பிரிவுல இப்பவே கேட்டு வைங்க.

அடுத்தது, எப்ப சுடலாம். குற்றவியல் சட்டத்துல 96லேர்ந்து 106 வரைக்கும் தற்காப்பு பத்தி இருக்கு. கொள்ளை அடிக்கறப்ப காப்பாத்திக்க உரிமை உண்டு, 103ல கொள்ளைன்னே எழுதியிருக்கு. ஆனா 99 என்ன சொல்லுதுன்னா தேவைக்கு மேல காயம் பண்ணக்கூடாது, போலீஸ கூப்பிட நேரம் இருந்துச்சுன்னா அந்த உரிமையே இல்ல. பைய புடுங்கிட்டு மோட்டார்ல ஓடறவன் முதுகுல சுட்டா மாமா கோர்ட்ல நிக்கணும், காசு போனது அப்புறம் பெரிய கவலையா தெரியாது. வெல கூடுன துப்பாக்கில சுட்டாலும் வக்கீல் ஃபீஸ் அதேதான்.

எனக்கு புரியாதது ஒன்னு. அந்த ரொக்கத்த கொறைக்க வழியே இல்லையா? இப்ப பசார் மாலாம் ராச்சந்தையில கச்சான் (கடலை) விக்கறவருகிட்டகூட கியூஆர் இருக்கு. குலை கொண்டாற ஆளுங்களுக்கு பேங்க்ல போட்டா ஒரு டன்னுக்கு கொஞ்சம் சேத்து தர்றேன்னு மாமா சொல்லிப் பாக்கட்டும், பாதிப் பேரு மாறிருவாங்க. ஒரே நாளு ஒரே நேரம் ஒரே பேங்க்குன்னு போறவர பாராங்காரன் காத்துக்கிட்டுதான் இருப்பான், அதயும் மாத்தச் சொல்லு.

ரேம்ப்பையன் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி மாமாகிட்ட உக்காந்து எல்லாத்தயும் வாசிச்சுக் காட்டுனேன். அரைக்கால் சிலுவார் மேட்டருக்கு சிரிச்சாரு, அத்தை அதுக்கு மேல சிரிச்சாங்க. பழக்கறதுக்கே 500 ரவுண்டுன்னு சொன்னப்பதான் மொகம் மாறுச்சு, லைசென்ஸ் பேப்பர எடுத்து ரவுண்டு எவ்வளவுன்னு எழுதியிருக்கற எடத்த திரும்பத் திரும்ப பாத்தாரு. 1911 ஆசை இன்னும் முழுசா போகல, ஆனா "சரி பிளாஸ்டிக்கையே பாப்போம்"கற அளவுக்கு வந்துட்டாரு.

அக்கா, டன்னுக்கு சேத்து தர்ற யோசனை அவருக்கு புடிக்கல, மார்ஜின் போயிரும்ங்கறாரு. அத்தைக்கு புடிச்சிருக்கு. அதனால நடக்கும்னு நெனைக்கறேன். 😄

ஷூட்டர் அண்ணே, சனிக்கிழமை கடைக்கு கூட்டிட்டுப் போறேன், அவருக்கு வலது கை கட்டைவெரல் மூட்டு வலி இருக்குங்கறதே நேத்துதான் தெரிஞ்சுச்சு. கடையில என்னென்ன செஞ்சு பாக்கச் சொல்லணும்?

ஈப்போஷூட்டர்:

வலி இருக்கா, அப்ப இது முக்கியம். மேகசின கழட்டி சேம்பர் (தோட்டா உக்கார்ற அறை) காலின்னு கடைக்காரரு காட்டுனப்புறம், ஸ்லைட இடது கையால புடிச்சு இழுக்காம, அந்த இடது கைய ஒடம்போட ஒட்டி வச்சு, மேலேர்ந்து நாலு வெரலாலயும் உள்ளங்கையாலயும் கவ்விப் புடிச்சு, வலது கையால துப்பாக்கிய முன்னால தள்ளச் சொல்லுங்க. இழுக்கறத விட தள்ளறதுக்கு பலம் கூட. அப்படியும் திணறுனா கிளாக்க வச்சுட்டு வந்துருங்க. தொடர்ந்து நெறைய தடவ செய்யச் சொல்லுங்க, மொத தடவ எல்லாருக்கும் வந்துரும். மேகசின்ல ரவுண்டு தள்றதயும் டம்மி ரவுண்டு இருந்தா செஞ்சு பாக்கட்டும், கடைசி சில ரவுண்டு கட்டைவெரல கொல்லும், அதுக்கு ஒரு சின்ன லோடர் கிளாக்கோட பொட்டியிலயே வரும், கடைக்காரரு எடுத்து வச்சுக்காம பாத்துக்குங்க. அப்புறம் கைப்பிடிய புடிச்சா ட்ரிக்கருக்கு ஆள்காட்டி வெரலோட மொத கணு வரணும், துப்பாக்கிய திருப்பிப் புடிச்சு எட்டறதா இருந்தா சைஸ் தப்பு.

பென்சன்சார்ஜன்:

போறப்ப பெல்ட் போட்டுக்கிட்டுப் போகச் சொல்லு. உறைய மாட்டி பிக்அப்ல ஏறி சீட்பெல்ட் போட்டு எறங்கிப் பாக்கட்டும், வலது இடுப்புக்கு கொஞ்சம் பின்னால, கடிகாரத்துல நாலு மணி காட்டற எடத்துல வச்சா சீட்பெல்ட்டுக்கு அடியில மாட்டும், கொஞ்சம் முன்னால தள்ளி வச்சுப் பாருங்க. கடைக்காரரு மொறைச்சா மொறைக்கட்டும்.